திருத்தப்பட வேண்டியது குழந்தையா, பள்ளியா? இந்திய இளையோர் மனநலத்தின் ஒரு நூற்றாண்டு

2025 ஜூலை 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான மேல்முறையீட்டில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோரின் அமர்வு அளித்த தீர்ப்பு இது. அரசியலமைப்பின் 21ஆம் கூறு உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையில் மனநலமும் அடங்கும் என்று அது கூறியது. உரிய சட்டம் இயற்றப்படும் வரையில் இந்நெறிகள் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்.

அந்த 15 நெறிகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அவற்றுள் இருவேறு சிந்தனைகள் அருகருகே நிற்பது புலப்படும். ஒன்று குழந்தையை நோக்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதிபெற்ற உளநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும், உதவி எண்கள் வளாகத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பன இவ்வகை. மற்றொன்று நிறுவனத்தை நோக்கியது. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கக் கூடாது, பிறர் முன்னிலையில் அவமதிக்கக் கூடாது, தகுதிக்கு மீறிய இலக்குகளைச் சுமத்தக் கூடாது என்பன இவ்வகை.

முதல் வகையை நிறைவேற்ற ஒரு பணியிடமும் ஓர் அறையும் போதும். இரண்டாம் வகையை நிறைவேற்றப் பள்ளி தன் அன்றாடப் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். இவற்றுள் எது எளிதில் நடைமுறைக்கு வரும், எது ஏட்டிலேயே தங்கிவிடும் என்பதை ஊகிப்பதற்குக் கடந்த நூற்றாண்டின் இந்திய வரலாறு போதுமான சான்றுகளைத் தருகிறது. குழந்தையின் மனத்துயருக்குக் காரணத்தைக் குழந்தைக்குள்ளேயே தேடுவதா, அது வாழும் இடத்தில் தேடுவதா என்னும் கேள்வி இந்நாட்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தீராமல் நீள்கிறது.

குற்றத்தின் வழியே நுழைந்த மனம்

இந்தியச் சட்டம் குழந்தையின் மனத்தை முதன்முதலில் கவனித்தது குற்றத்தை ஒட்டியே. 1876ஆம் ஆண்டிலும் பின்னர் 1897ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள், தண்டனை பெற்ற சிறுவர்களைச் சிறைக்கு மாற்றாகச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்ப வகைசெய்தன. சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டுப் பள்ளி இத்தகையது. ஒழுங்கும் கைத்தொழிலும் சிறுவனைத் திருத்திவிடும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அவன் ஏன் திருடினான் என்னும் கேள்விக்கு அங்கே பெரிய இடமில்லை.

1919-20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு இந்நிலையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. சிறுவர் வழக்குகளை முதியோர் வழக்குகளிலிருந்து பிரித்து நடத்த வேண்டும் என்று அது வற்புறுத்தியது. அதையொட்டி 1920இல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் முதலாவது இதுவே. 1922இல் வங்காளமும் 1924இல் பம்பாயும் பின்தொடர்ந்தன. குற்றம் புரிந்த சிறுவரோடு ஆதரவற்ற சிறுவரும் இச்சட்டங்களின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டனர். வறுமையும் கைவிடப்படுதலும் குழந்தையின் நடத்தையோடு தொடர்புடையவை என்ற ஒப்புதல் இதில் மறைமுகமாக இருந்தது. ஆயினும் சட்டம் தந்த தீர்வு, குழந்தையை அதன் சூழலிலிருந்து எடுத்து வேறோர் இல்லத்தில் வைப்பதாகவே இருந்தது. சூழலின்மீது கைவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

1937, பம்பாய்

1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப்படிப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. பைகுல்லாவின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே நாக்பாடா அண்டைமனை என்னும் சமூக மையத்தை நடத்திவந்த அமெரிக்கர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டே, 1937இல், இப்பள்ளி குழந்தை வழிகாட்டு மையம் ஒன்றை நிறுவியது. இந்தியாவில் இத்தகைய மையங்களுள் முதலாவதாகக் கருதப்படுவது இது.

இந்த அமைப்பின் மூலம் சிகாகோவில் இருந்தது. 1909இல் அங்குள்ள சிறார் நீதிமன்றத்தை ஒட்டி வில்லியம் ஹீலி தொடங்கிய ஆய்வு, குற்றம் புரிந்த ஒவ்வொரு சிறுவனையும் தனி வரலாறு உடையவனாகப் பார்க்கக் கற்றுத்தந்தது. 1920களில் அமெரிக்க நகரங்களில் பரவிய வழிகாட்டு மையங்கள் மூவர் அணியாக இயங்கின. மனநல மருத்துவர் நோயை ஆராய்வார். உளவியலாளர் அறிவுத்திறனையும் ஆளுமையையும் அளப்பார். சமூகப் பணியாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று குடும்பத்தின் நிலையை அறிந்துவருவார். திருட்டு, பொய், படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல் முதலியவை ஒழுக்கக்கேடு என்னும் பெயரிலிருந்து விடுபட்டு, ஏதோ ஒரு துயரின் அறிகுறிகளாகப் படிக்கப்பட்டன. பிரம்பால் தீர்க்கப்பட்டுவந்த ஒன்று உரையாடலுக்கு உரியதாயிற்று. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. மையத்தின் வாயிலுக்கு வந்து சேரும் குழந்தைக்கே அது உதவ முடியும். சமூகப் பணியாளர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசலாம். ஒரு வகுப்பில் எத்தனை பேர் அமர்வது, பாடம் எம்மொழியில் நடப்பது, ஆண்டிறுதித் தேர்வு எப்படி அமைவது என்பவற்றை அவரால் மாற்ற இயலாது. அறிகுறியைச் சூழலோடு இணைத்துப் படித்த அறிவியல், சிகிச்சையைத் தனிக் குழந்தையோடும் அதன் தாயோடும் நிறுத்திக்கொண்டது.

இடத்தை மாற்றியவர்கள்

இதே பதிற்றாண்டுகளில், மனநலம் என்னும் சொல்லைக் கையாளாமலேயே அதன் மையக் கேள்வியை எதிர்கொண்ட வேறொரு மரபும் இந்தியாவில் இருந்தது. பள்ளியின் இறுக்கத்தில் துன்புற்ற தம் இளமை நினைவோடு இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். வழக்கறிஞர் தொழிலை விட்டுவந்த கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரை நிறுவினார். தண்டனையும் பரிசும் அற்ற வகுப்பறை சாத்தியமே என்பதை அவர் நடத்திக்காட்ட முயன்றார்.

இம்மரபுக்குத் தமிழ் நிலத்தோடும் நேரடித் தொடர்பு உண்டு. 1939இன் இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 ஆசிரியர்கள் அவரது முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவரும் மகன் மரியோவும் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டனர். மரியோ சிலகாலம் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடியும் வரை மாண்டிசோரி இந்தியாவிலேயே தங்கி, அடையாறிலும் கொடைக்கானலிலும் பணியாற்றினார். குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை, குழந்தையே எடுத்து வைக்கக்கூடிய கருவி, வேலையை முடிக்கும் வரை இடையீடு செய்யாத ஆசிரியர் என்று அவர் வற்புறுத்திய யாவும் குழந்தையின் சூழலைப் பற்றியவை. குழந்தையின் அமைதியின்மைக்கு மருந்து சூழலை ஒழுங்குசெய்வதில் இருக்கிறது என்பதே அவரது துணிபு.

பம்பாய் மையமும் அடையாறு வகுப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஒன்று மருத்துவத்தின் மொழியையும் மற்றொன்று கல்வியின் மொழியையும் பேசின. விடுதலைக்குப் பின் அரசு முதல் மரபை ஆணையங்கள் வழியே பள்ளிக்குள் கொண்டுவந்தது. இரண்டாம் மரபு பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் தனியார் பள்ளிகளில் ஒதுங்கியது.

வழிகாட்டுதல் சுருங்கிய கதை

1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். மறு ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை பள்ளிகளில் வழிகாட்டு அலுவலர்கள் இருக்க வேண்டும் என்றது. கூடவே, புறத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஆண்டு முழுவதுமான மாணவர் பதிவேட்டுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறியது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பில் காணும் இருமுனைச் சிந்தனை 72 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வறிக்கையில் இருந்தது.

இரண்டனுள் ஒன்றே முன்னகர்ந்தது. 1954இல் தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கான மத்திய அலுவலகம் தொடங்கப்பட்டது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம், வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலிருந்தே எல்லா மாணவருக்கும் உரியது என்றது. நடைமுறையில் வழிகாட்டுதல் என்பது, எந்தப் பாடப்பிரிவு யாருக்குப் பொருந்தும், எந்த வேலைக்கு யார் தகுதியானவர் என்று பிரித்துச் சொல்லும் பணியாகச் சுருங்கியது. திட்டமிட்ட பொருளாதாரத்துக்குத் தேவையான மனித ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் கருவியாக அது புரிந்துகொள்ளப்பட்டது. மனத்துயர் பற்றிய பேச்சு அதில் பின்தள்ளப்பட்டது. புறத்தேர்வோ மேலும் வலுப்பெற்றது.

மருத்துவத்துறையிலும் குழந்தை விளிம்பிலேயே நின்றது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றி, 1974இல் நிம்ஹான்ஸ் ஆக விரிந்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. கடுமையான மனநோய்க்கும் வலிப்புக்கும் முதலிடம் தந்தது அத்திட்டம். மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த நாட்டில் அந்த முன்னுரிமைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் கடுமையான நோய் எதுவுமின்றி, அஞ்சியும் ஒடுங்கியும் பள்ளி சென்றுவந்த பெருந்தொகைக் குழந்தைகள் அதன் பார்வைக்குள் வரவில்லை. நிம்ஹான்ஸில் மால்விகா கபூர் போன்றோர் பள்ளி ஆசிரியர்களோடு இணைந்து மேற்கொண்ட பணிகள் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவை.

பை, பிரம்பு, தேர்வு

குழந்தையின் வாழ்வில் பெரிய மாற்றங்கள் இக்காலத்தில் வேறு திசைகளிலிருந்து வந்தன. அவற்றுள் மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது புத்தகப்பை. 1986இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட எழுத்தாளர் ஆர். கே. நாராயண் தம் கன்னிப்பேச்சை எடுத்துக்கொண்டது பள்ளிக் குழந்தைகளின் சுமையைப் பற்றி. காலை எழுந்ததுமுதல் இரவு வரை குழந்தைமைக்கே இடமில்லாத ஒரு நாளை அவர் அவையின்முன் வைத்தார். 1992இல் இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993இல் வந்த அதன் அறிக்கை சிக்கலை ஆழமாக்கியது. பையின் எடையைவிட, புரியாதவற்றைச் சுமக்கும் சுமையே கொடியது என்பது அதன் முடிவு. மழலையர் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்கும்படி அது பரிந்துரைத்தது. 16 ஆண்டுகளுக்குப் பின், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையின்போது குழந்தைகளை வடிகட்டுவதைத் தடைசெய்தது. சேர்க்கையின்போதே குழந்தையை ‘தேர்ச்சி பெறாதவர்’ என்று முத்திரையிடுவது சட்டத்தின்முன் குற்றமாயிற்று.

இரண்டாவது பிரம்பு. 2000 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளில் உடல் தண்டனையை அனுமதித்த விதியை நீக்கியது. 2003இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விவரம் திரட்டியது. பள்ளி செல்வோரில் மூவரில் இருவர் அங்கே அடிபட்டிருப்பதாகக் கூறினர். இதற்குப்பின் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்தது. இந்தியப் பள்ளிக் கல்வி வரலாற்றில் குழந்தையின் மனம் காயப்படக்கூடியது என்பதைச் சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடம் இது. அந்தக் காயத்துக்குப் பொறுப்பை அது ஆசிரியர்மீதும் பள்ளிமீதும் வைத்தது.

மூன்றாவது தேர்வு. 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா, தற்கொலைத் தடுப்புக்கான தன்னார்வ அமைப்பு. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் அதன் தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கும் என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது. பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவரும் ஓராண்டை இழக்க வேண்டியிருந்த காலம் அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு உடனடித் துணைத் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. தவறியவர் அதே கோடையில் மீண்டும் எழுதித் தம் வகுப்பினரோடு மேற்படிப்புக்குச் செல்ல வழி பிறந்தது. தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்கள் இதன்பின் மாநிலத்தில் குறைந்ததை லட்சுமி விஜயகுமார் பல இடங்களில் சுட்டிக்காட்டியுள்ளார். அக்குறைவுக்குப் பிற காரணங்களும் துணைநின்றிருக்கலாம். ஆயினும் இங்கே நிகழ்ந்ததன் தன்மை கவனிக்கத்தக்கது. குழந்தைகளின் மனவுறுதியைக் கூட்டும் முயற்சியாக இது அமையவில்லை. ஒரு தோல்வி எவ்வளவு பெரியது என்பதை நிர்ணயிக்கும் நாட்காட்டி மாற்றப்பட்டது.

இத்தகைய மாற்றங்கள் திரும்பப் பெறப்படவும் கூடியவை. 2009-10இல் சிபிஎஸ்இ தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விருப்பத்துக்கு விட்டது. 2018இல் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானது. எட்டாம் வகுப்புவரை எக்குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் ஏற்பாடு 2019இல் தளர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க வழிசெய்தது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. கற்றல் தரம் வீழ்கிறது என்பதே திரும்பப் பெற்றதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்கவலை பொய்யன்று. ஆனால் தரத்தை உயர்த்தும் பொறுப்பு பள்ளியிடமிருந்து மெல்ல நழுவி, பத்து வயதுக் குழந்தையின் தோளில் மீண்டும் அமர்ந்துகொண்டது.

ஆலோசகர் தேவையில்லையா?

இவ்வரலாற்றைக் கொண்டு உளநல ஆலோசகர் பணியே வீண் என்று முடிவுகட்டுவது பிழை. 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. பெருநகரங்களில் இது 13.5 விழுக்காடு, ஊர்ப்புறங்களில் 6.9. இவர்களுக்குச் சிகிச்சையும் துணையும் வேண்டும். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் பள்ளியிலுள்ள ஆலோசகரே பலருக்கு முதல் வாசல்.

கேள்வி, அந்த ஆலோசகர் எதைச் செய்ய அனுமதிக்கப்படுகிறார் என்பதே. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த சேஹர் என்னும் ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. 2018இல் லான்செட் இதழில் அதன் முடிவுகள் வெளியாயின. பள்ளி முழுவதையும் தழுவிய ஒரு நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் இதற்கெனவே அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினர். ஆலோசகர்கள் உயர்பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லர். பயிற்சி தரப்பட்ட சாதாரணர். அவர்கள் செயல்பட்ட பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மாணவரிடையே மனச்சோர்வும் துன்புறுத்தலும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை.

இம்முடிவில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஆலோசகர் ஓர் அறையில் காத்திருக்காமல், பள்ளியின் விதிகளையும் உறவுகளையும் பற்றிப் பேசும் உரிமையோடு இயங்கியபோது பயன் விளைந்தது என்பது ஒன்று. ஏற்கெனவே பாடச்சுமை மிகுந்த ஆசிரியரிடம் இன்னுமொரு பொறுப்பை ஒப்படைப்பது பெரும்பாலும் கணக்குக்குச் செய்யும் வேலையாகிவிடும் என்பது மற்றொன்று. 2020இல் தொடங்கிய பள்ளி நலத்திட்டம் பள்ளிக்கு இரு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக நியமிக்கும் வழியையே தேர்ந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆலோசகரின் அறைக்குள் தீர்க்க முடியாதவை எவை என்பதற்கு அண்மைய தமிழகச் சான்று ஒன்று உண்டு. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர்மீது சக மாணவர்கள் நடத்திய தாக்குதலை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது, அகர வரிசையில் மாணவர்களை அமரவைப்பது முதலியவற்றைப் பரிந்துரைத்தது. சாதியால் நாள்தோறும் சிறுமைப்படும் சிறுவனுக்குத் தாங்கும் ஆற்றலைக் கற்றுத்தருவது ஒருவகையில் அச்சிறுமையை ஏற்றுக்கொள்வதாகும். அவன் எங்கே, யார் அருகில் அமர்கிறான் என்பதை மாற்றுவது மனநல நடவடிக்கையே, அதற்கு அப்பெயர் சூட்டப்படாவிட்டாலும்.

எண்களும் இதையே உணர்த்துகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். அவற்றுள் தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவானவை 2,248. எஞ்சியவற்றில் குடும்பம், உறவு, நோய், வறுமை, பாகுபாடு எனப் பல இழைகள் பின்னியிருக்கும். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். ஆகவே ஒற்றைத் தீர்வும் இருக்க முடியாது.

ஏடும் நடைமுறையும்

சட்டத்தின் பார்வை மாறியிருப்பது உண்மை. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய பழைய தண்டனைச் சட்டப் பிரிவின் கூர்மையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மழுக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவு அந்த வடிவில் இல்லை. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் 16 வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நான்கு மாதங்களில் ஜூலைத் தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பின் நிறைவேற்றத்தை இனி மாவட்ட அளவிலான குழுக்கள் கண்காணிக்கும். அவற்றின் படிவங்களில் ‘ஆலோசகர் உள்ளாரா’ என்னும் கட்டம் நிச்சயம் இடம்பெறும். ‘மதிப்பெண் வரிசையில் வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளனவா’, ‘தவறிய மாணவரின் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறதா’ என்னும் கட்டங்களும் அதே படிவத்தில் இடம்பெற வேண்டும். 1953இல் முதலியார் ஆணையம் இரண்டையும் சேர்த்தே கேட்டது. நாடு ஒன்றை மட்டும், அதுவும் குறைத்து, எடுத்துக்கொண்டது. வழிகாட்டு அலுவலர் பாடப்பிரிவு சொல்பவராகச் சுருங்கியதுபோல், இன்றைய ஆலோசகரும் பள்ளியின் அழுத்தத்துக்குக் குழந்தையைப் பழக்குபவராகச் சுருங்கும் வாய்ப்பு கண்முன் நிற்கிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் ஆலோசகரின் பணி விதிகளில் பள்ளி நிர்வாகத்திடம் கேள்வி எழுப்பும் உரிமையும், அதற்காகப் பணியிழக்காத பாதுகாப்பும் எழுதப்பட வேண்டும்.

கல்வியியல், உளவியல், சமூகப்பணித் துறைகளில் இன்று பயிலும் மாணவர்கள் பலர் நாளை அந்தப் பணியிடங்களில் அமரப்போகிறவர்கள். 1937இல் பம்பாய் மையத்திலிருந்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் நடந்துசென்ற சமூகப் பணியாளருக்கு எதிரே மூடியிருந்த கதவு அவர்களுக்கும் மூடியே இருக்கலாம். அதைத் தட்டுவதும் தம் தொழிலின் பகுதி என்பதைப் பாடத்திட்டம் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

மனத்துயரில் உள்ளோரும் அவர்களுக்குத் துணைநிற்போரும் டெலி மானஸ் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண் 1996இல் பம்பாயில், அதே டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியது.